தாய்-சேய் மனநலம்: இதில் நர்ஸ் என்ன ஆராய்ச்சி செய்ய முடியும்?

நர்சிங் முதுகலை முடித்த ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. தாய்-சேய் மனநலத்தில் பிஎச்.டி. செய்ய அவருக்கு ஆசை. ஆனால் கூட வேலை பார்ப்பவர்கள், "அதெல்லாம் மனநல மருத்துவர்கள் பார்க்கிற விஷயம், நர்ஸ் அதில் புதிதாக என்ன கண்டுபிடித்துவிடப் போகிறார்" என்கிறார்களாம். தாயைப் பற்றி ஆராய்வதா, குழந்தையைப் பற்றி ஆராய்வதா என்ற குழப்பமும் அவருக்கு இருக்கிறது. நானும் பிரசவ வார்டில் பல வருடம் நின்றுவிட்டுத்தான் ஆராய்ச்சிப் பக்கம் வந்தேன், அதனால் இந்தக் கேள்வி எனக்குப் பழக்கமானது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஒரு தாய் மனநல மருத்துவர் முன்னால் போய் உட்காருவதற்குள் எத்தனை நர்ஸ்களைக் கடந்து வருகிறார் என்று எண்ணிப் பாருங்கள். கர்ப்ப காலத்தில் எடையும் ரத்த அழுத்தமும் பார்ப்பவர், வலியில் படுத்திருக்கும்போது பக்கத்தில் நிற்பவர், குழந்தையை முதன்முதலாக மார்பில் போட்டுக் கொடுப்பவர், பால் கட்டிக்கொண்டால் உதவுபவர், அப்புறம் குழந்தைக்குத் தடுப்பூசி போடுபவர். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி கர்ப்பிணிகளில் சுமார் 10 சதவீதம் பேருக்கும், பிரசவித்த பெண்களில் சுமார் 13 சதவீதம் பேருக்கும் ஏதோ ஒரு மனநலச் சிக்கல் வருகிறது, பெரும்பாலும் மனச்சோர்வு. வளரும் நாடுகளை மட்டும் எடுத்தால் இது 15.6 சதவீதம், 19.8 சதவீதம் என்று ஏறுகிறது. அதாவது பிரசவித்த ஐந்து பேரில் ஒருவர். இவர்களில் பெரும்பாலோர் மனநல மருத்துவரின் அறை வாசலைக்கூடப் பார்ப்பதில்லை. "தூக்கம் போதவில்லை, அவ்வளவுதான்", "முதல் குழந்தை என்றால் அப்படித்தான் இருக்கும்" என்று தாயே சொல்லிக்கொள்வார், வீட்டாரும் சொல்வார்கள், மாதங்கள் ஓடிவிடும். ஆனால் அந்த மாதங்களிலும் ஒரு நர்ஸ் அவரைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்.

பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைக் கண்டறிய இப்போது உலகம் முழுக்கப் புழங்கும் எடின்பரோ அளவுகோலை எடுத்துக்கொள்வோம். 1987இல் ஜான் காக்ஸ், ஜெனி ஹோல்டன், ரூத் சகோவ்ஸ்கி மூவரும் வெளியிட்டது. காக்ஸ் மனநல மருத்துவர். ஹோல்டன் நர்ஸாகவும், வீடு வீடாகப் போய்த் தாய்-சேயைப் பார்க்கும் ஹெல்த் விசிட்டராகவும் பயிற்சி பெற்றவர். பத்தே கேள்விகள், கடந்த ஏழு நாட்களைப் பற்றி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 30. பார்க்க எளிமையாக இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். அதில் என்ன இல்லை என்று பாருங்கள், அங்கேதான் வார்டு அனுபவம் தெரியும். பொதுவான மனச்சோர்வுக் கேள்வித்தாள்கள் "களைப்பாக இருக்கிறதா, தூக்கம் வருகிறதா, பசிக்கிறதா" என்று கேட்கும். மூன்று வாரக் குழந்தை உள்ள எந்தத் தாய் களைப்பில்லை என்று சொல்வார்? அந்தக் கேள்விகளை வைத்தால் நன்றாக இருக்கும் தாய்க்கும் நோய் இருப்பதாகக் காட்டும். அதனால் எடின்பரோ அளவுகோல் உடல் அறிகுறிகளை ஏறக்குறைய முழுக்க ஒதுக்கிவிட்டது. தூக்கத்தைப் பற்றி ஒரே ஒரு கேள்வி, அதுவும் "மனம் சரியில்லாததால் தூங்கச் சிரமப்பட்டீர்களா" என்ற பொருளில்.

இரண்டு வருடம் கழித்து, 1989இல் அதே மூவர் இன்னொரு வேலை செய்தார்கள். எனக்கு இதுதான் அதைவிட முக்கியம். ஹெல்த் விசிட்டர்களுக்குக் கொஞ்ச காலம் கவுன்சலிங் பயிற்சி கொடுத்து, மனச்சோர்வு இருந்த தாய்மார்களை வாரம் ஒரு முறை என எட்டு வாரம் வீட்டில் போய்ப் பார்க்கச் சொன்னார்கள். அறிவுரை சொல்லக் கூடாது, அவர் பேசுவதைக் கேட்க வேண்டும். அப்படிப் பார்த்த 26 பேரில் 18 பேர் தேறினார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்த 24 பேரில் தேறியவர்கள் 9 பேர். சிறிய ஆய்வுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் "நர்ஸ் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்பது" என்று நாம் எல்லோரும் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகும் ஒன்றை, ஒப்பீட்டுக் குழுவோடு சோதித்து எண்ணிக்கையாகக் காட்டியது அது.

அடுத்து செரில் டடானோ பெக். உங்கள் நண்பர்களுக்கு ஒரே ஒரு பெயர் சொல்ல வேண்டும் என்றால் இவரைச் சொல்லுங்கள். அமெரிக்காவில் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் நர்சிங் பேராசிரியராகப் பணியாற்றியவர், பிரசவம் பார்க்கப் பயிற்சி பெற்ற மிட்வைஃபும்கூட. 1993இல் அவர் வெளியிட்ட ஆய்வு, பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வில் இருந்த பெண்களிடம் பேசிப் பேசி, அவர்கள் சொன்னதிலிருந்தே ஒரு கோட்பாட்டைக் கட்டியது. மருத்துவப் புத்தகம் "சோகம், ஆர்வமின்மை" என்று தொடங்கும். பெக்கிடம் பேசிய பெண்கள் சொன்னது வேறு: தன் மேலேயே, தன் எண்ணங்களின் மேலேயே பிடி விட்டுப்போவது. அதை அவர் நான்கு கட்டங்களாகப் பார்த்தார். முதலில் திகில், எங்கிருந்தோ வந்து கவ்விக்கொள்ளும் பயம், ஓயாமல் சுற்றும் எண்ணங்கள். அப்புறம் "பழைய நான் செத்துப்போய்விட்டேன்" என்ற உணர்வு, எல்லோரிடமிருந்தும் ஒதுங்குவது, எதையும் உணராத மரத்த நிலை. மூன்றாவதாகப் பிழைக்கப் போராடுவது, அதாவது உதவி தேடி அலைவது. கடைசியில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடி திரும்பக் கிடைப்பது. அதுவும் ஒரே நாளில் வராது, நல்ல நாளும் மோசமான நாளும் மாறி மாறித்தான் வரும்.

இதைப் படித்தபோது எனக்கு வார்டில் பார்த்த முகங்கள் வரிசையாக நினைவுக்கு வந்தன. அழவே அழாத தாய்மார்களை நாங்கள் "தைரியமான பெண்" என்று குறித்துவிட்டுப் போயிருக்கிறோம். அவர்களில் சிலர் அந்த மரத்த நிலையில் இருந்திருக்கலாம். அது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

பெக் அங்கே நிற்கவில்லை, ஒரு ஆராய்ச்சி எப்படி வளர வேண்டும் என்பதற்கு அவர் நல்ல பாடம். பெண்கள் சொன்ன வார்த்தைகளையே அடிப்படையாக வைத்து, ராபர்ட் கேபிள் என்பவரோடு சேர்ந்து 2000இல் 35 கேள்விகள் கொண்ட ஒரு அளவுகோலை உருவாக்கினார். அதில் ஏழு பகுதிகள்: தூக்கமும் உணவும், பதற்றம், சட்டென்று மாறும் மனநிலை, மனக் குழப்பம், தன்னை இழந்த உணர்வு, குற்றவுணர்ச்சியும் வெட்கமும், தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம். தூக்கத்தைப் பற்றி அது கேட்கும் விதத்தைக் கவனியுங்கள்: குழந்தை தூங்கும்போதும் உங்களால் தூங்க முடியவில்லையா? ஒரு சொற்றொடர் கூடியதும் கேள்வியே வேறாகிவிட்டது. குழந்தை எழுப்புவதால் தூங்காத தாயையும், தொட்டில் அமைதியாக இருக்கும்போதும் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கும் தாயையும் அது பிரித்துவிடுகிறது. பல தாய்மார்களிடம் கேட்டுக் கேட்டுத்தான் இப்படி ஒரு கேள்வியை எழுத முடியும்.

2001இல் அவர் 84 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து அலசி, மனச்சோர்வை முன்கூட்டியே காட்டும் 13 காரணிகளை எடுத்துச் சொன்னார். கர்ப்ப காலத்திலேயே இருந்த மனச்சோர்வு, தன்னைப் பற்றிய தாழ்வான எண்ணம், ஆதரவு இல்லாமை, திருமண உறவில் சிக்கல், அமைதிப்படுத்தக் கடினமான குழந்தை என்று பட்டியல் போகும். இதில் பாதிக்கு மேல் பிரசவத்துக்கு முன்பே தெரிந்துவிடுகிற விஷயங்கள். பிறகு ஏன் நாம் பிரசவம் முடியும் வரை காத்திருக்கிறோம்?

2004இல் வந்த அவருடைய பிரசவ அதிர்ச்சி ஆய்வு நர்ஸ்கள் படிக்கச் சங்கடமான ஒன்று. நியூசிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, பிரிட்டன் ஆகிய நாடுகளைச் சேர்ந்த 40 தாய்மார்கள் தங்கள் பிரசவ அனுபவத்தை இணையம் வழியாக எழுதி அனுப்பினார்கள். அவர்களைக் காயப்படுத்தியது ரத்தப்போக்கோ, கருவி வைத்துக் குழந்தையை எடுத்ததோ மட்டும் இல்லை. என்ன நடக்கிறது என்று யாரும் சொல்லவில்லை, நான் அங்கே இருப்பதாகவே யாரும் நடந்துகொள்ளவில்லை, குழந்தை நலமாக வந்துவிட்டதே இன்னும் என்ன என்று கேட்டுவிட்டார்கள் என்பதுதான் திரும்பத் திரும்ப வந்தது. மருத்துவக் குழு "சாதாரணப் பிரசவம்" என்று எழுதிய அதே பிரசவம் அந்தப் பெண்ணுக்கு வாழ்நாள் கொடுங்கனவாக இருக்கலாம் என்பது அந்த ஆய்வின் மையம். பிரசவத்துக்குப் பின் வரும் அதிர்ச்சி நோய் பொதுவாக நூற்றில் நான்கு பேருக்கு வருகிறது, சிக்கலான பிரசவங்களில் இன்னும் பல மடங்கு. இதைப் படித்த பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்தது: பிரசவம் முடிந்த மறுநாள், "குழந்தை எப்படி இருக்கிறது" என்பதற்கு முன்னால் "நேற்று உங்களுக்கு எப்படி இருந்தது" என்று கேட்பது. சிலர் ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். சிலர் அரை மணி நேரம் நிறுத்தாமல் பேசுவார்கள்.

சரி, குழந்தைப் பக்கம் வருவோம்.

கைக்குழந்தைக்கு என்ன மனநலம் என்று கேட்பவர்களுக்கு கேத்ரின் பர்னார்டின் வேலையைக் காட்டலாம். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் நர்சிங் பேராசிரியராக இருந்தவர், 2015இல் மறைந்தார். முதலில் அவர் கவனித்தது குறைமாதக் குழந்தைகளை. இன்குபேட்டருக்குள் அசைவே இல்லாமல் கிடக்கும் குழந்தைக்கு, மெல்ல ஆடும் படுக்கையும் இதயத் துடிப்பின் ஒலியும் கொடுத்தால் அமைதியான தூக்கம் கூடுகிறதா என்று சோதித்தார், கூடியது. அதன் பிறகு தாயும் குழந்தையும் ஒருவருக்கொருவர் எப்படிப் பதில் சொல்லிக்கொள்கிறார்கள் என்பதை அளக்கும் வழியை அவர் குழு உருவாக்கியது. பால் கொடுக்கும்போது ஒரு முறை, ஏதாவது ஒரு சின்ன விஷயத்தைக் குழந்தைக்குக் கற்றுக்கொடுக்கும்போது ஒரு முறை, நர்ஸ் உட்கார்ந்து பார்த்துக் குறிக்க வேண்டும். பால் கொடுக்கும் நேரத்துக்கு 76 குறிப்புகள், கற்றுக்கொடுக்கும் நேரத்துக்கு 73. 1970களில் இந்த முறையை நர்ஸ்களுக்குச் சொல்லிக்கொடுக்க அவர்கள் தகவல் தொடர்பு செயற்கைக்கோளையே பயன்படுத்தினார்கள்.

அந்தக் குறிப்புகளின் அமைப்பில்தான் உங்கள் குழப்பத்துக்கு விடை இருக்கிறது. அதில் மதிப்பெண் தாய்க்கு மட்டும் இல்லை, குழந்தைக்கும் உண்டு. குழந்தை தன் தேவையைத் தெளிவாகக் காட்டுகிறதா, தாய் செய்வதற்குப் பதில் தருகிறதா? தாய் அந்தச் சைகையைப் படிக்கிறாரா, குழந்தை சிணுங்கும்போது தணிக்கிறாரா? முகத்தைத் திருப்பிக்கொள்வது, கொட்டாவி விடுவது, கையை விரித்து முன்னால் நீட்டுவது, இதெல்லாம் "போதும், கொஞ்சம் விடு" என்று குழந்தை சொல்வது. குறைமாதக் குழந்தையின் சைகைகள் மங்கலாக இருக்கும், படிக்கக் கடினம். அப்போது தாய் தன்னைத்தான் குறை சொல்லிக்கொள்வார். "உங்களிடம் தப்பு இல்லை, இந்தக் குழந்தை மெதுவாகப் பேசுகிறது, நாம் கொஞ்சம் உற்றுக் கேட்க வேண்டும்" என்று ஒரு நர்ஸ் சொல்லும்போது அந்த முகம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

மனச்சோர்வு இந்த இடத்தில்தான் குழந்தையைத் தொடுகிறது. 1970களில் எட்வர்ட் ட்ரோனிக் என்ற உளவியலாளர் செய்த சோதனை ஒன்று உண்டு. தாய் குழந்தையோடு சிரித்து விளையாடிவிட்டு, சில நிமிடம் முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் இருக்க வேண்டும். குழந்தை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், சத்தம் போடும், ஒன்றும் பலிக்காவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு சோர்ந்துவிடும். கடுமையான மனச்சோர்வு நீண்ட நாள் இருந்தால் குழந்தையின் நாட்களில் இப்படிப்பட்ட நிமிடங்கள் கூடுகின்றன. ஆனால் இதை மட்டும் சொல்லி ஒரு தாயைப் பயமுறுத்தாதீர்கள், அது பெரிய தவறு. அதே ட்ரோனிக்கின் ஆய்வுகள், நலமாக இருக்கும் தாயும் குழந்தையும்கூட ஏறக்குறைய 30 சதவீத நேரம்தான் ஒத்திசைவில் இருக்கிறார்கள் என்று காட்டின. மீதி நேரம் பிசகுவதும் சரிசெய்துகொள்வதும்தான். மனச்சோர்வு வந்த எல்லாத் தாய்மாரின் குழந்தைகளும் பாதிக்கப்படுவதும் இல்லை. எவ்வளவு கடுமை, எவ்வளவு காலம், பக்கத்தில் வேறு யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. இன்னொரு பக்கம், தாயின் மனச்சோர்வு ஸ்கோர் குறைந்துவிட்டால் குழந்தையோடான உறவும் தானாகச் சீராகிவிடும் என்றும் நம்பிவிட முடியாது. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதனால் தாயா குழந்தையா என்று கேட்டால், அந்த இருவருக்கும் நடுவில் நடப்பதை எடுங்கள் என்பேன்.

தலையீட்டு ஆய்வுகளிலும், அதாவது ஓர் உதவியைக் கொடுத்துப் பார்த்து அதன் பலனை அளக்கும் ஆய்வுகளிலும், நர்ஸ்கள் முன்னால் நிற்கிறார்கள். பெர்னடெட் மெல்னிக், 260 குடும்பங்களை வைத்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், குறைமாதக் குழந்தை தீவிர சிகிச்சையில் இருக்கும்போதே பெற்றோருக்கு "உங்கள் குழந்தை இப்படி இருக்கும், இப்படி நடந்துகொள்ளும், நீங்கள் இதைச் செய்யலாம்" என்று படிப்படியாகச் சொல்லிக்கொடுத்தார்கள். தாய்மாரின் மன அழுத்தம் குறைந்தது, பின்னாட்களில் பதற்றமும் மனச்சோர்வும் குறைவாக இருந்தன, குழந்தைகள் சராசரியாக நான்கு நாள் முன்னதாகவே தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வெளியே வந்தார்கள். டொரண்டோவைச் சேர்ந்த சிண்டி-லீ டென்னிஸ் 2009இல் இன்னும் எளிய ஒன்றைச் சோதித்தார். மனச்சோர்வு வரும் வாய்ப்பு அதிகமுள்ள 701 புதுத் தாய்மாரில் ஒரு பாதிக்கு, அதே நிலையைக் கடந்து வந்த இன்னொரு தாய் போனில் பேசுவார். 12 வாரத்தில், போன் வந்தவர்களில் 14 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தன, வராதவர்களில் 25 சதவீதம்.

இப்போது உங்களுக்கு நடைமுறையில் உதவும் சில விஷயங்கள், யாரும் வகுப்பில் அழுத்திச் சொல்லாதவை.

மொழிபெயர்ப்பைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். எடின்பரோ அளவுகோலின் ஆறாவது கேள்வி, வேலைகள் தலைக்கு மேலே ஏறி அழுத்துகின்றனவா என்கிற மாதிரி ஒரு ஆங்கில வழக்கில் எழுதப்பட்டது. வார்த்தைக்கு வார்த்தை மாற்றினால் தாய் விழிப்பார், நீங்கள் விளக்கம் சொல்ல ஆரம்பிப்பீர்கள், ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விளக்கம் போனால் ஸ்கோருக்கு அர்த்தமே இருக்காது. மொழிபெயர்த்து, வேறொருவரை வைத்துத் திருப்பி மொழிபெயர்த்து, அப்புறம் சில தாய்மார்களிடம் "இந்தக் கேள்வி உங்களுக்கு என்ன புரிந்தது" என்று கேட்க வேண்டும். எந்த ஸ்கோருக்கு மேல் போனால் கவலைப்பட வேண்டும் என்ற எல்லைக்கோடும் மொழிக்கு மொழி மாறும். 13 என்று பழக்கத்தில் எழுதிவிடாதீர்கள்.

எப்போது அளக்கிறீர்கள் என்பதும் அப்படித்தான். பிரசவித்த முதல் சில நாட்களில் பாதிக்கு மேற்பட்ட தாய்மாருக்கு அழுகையும் எரிச்சலும் வரும், இரண்டு வாரத்துக்குள் தானாகப் போய்விடும். மூன்றாம் நாளில் அளந்துவிட்டு மனச்சோர்வு என்று எழுதினால் அது பிழை. ஆனால் அதே முதல் இரண்டு வாரத்தில்தான், ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேருக்கு, பிரசவத்துக்குப் பிந்தைய சைக்கோசிஸ் வருகிறது: தூக்கமே தேவைப்படாதது போன்ற பரபரப்பு, குழப்பம், இல்லாத குரல் கேட்பது, குழந்தையைப் பற்றி விபரீதமான நம்பிக்கை. அது அவசர நிலை. ஆய்வை மூட்டை கட்டி வைத்துவிட்டு அந்த நிமிடமே மருத்துவரைக் கூப்பிட வேண்டும், தாயையும் குழந்தையையும் தனியாக விடக் கூடாது.

எடின்பரோ அளவுகோலின் பத்தாவது கேள்வி தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணத்தைப் பற்றியது. மொத்த ஸ்கோர் 4ஆக இருந்தாலும் அந்த ஒரு கேள்விக்கு "ஆம்" என்ற பக்கம் பதில் வந்தால் நீங்கள் அன்றைக்கே எழுந்து போய்விட முடியாது. யாரைக் கூப்பிடுவது, எங்கே அனுப்புவது, அதுவரை யார் கூட இருப்பது என்பதெல்லாம் முதல் தாயைச் சந்திப்பதற்கு முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். அனுப்ப இடம் இல்லாமல் கேள்வி மட்டும் கேட்பது அந்தத் தாய்க்குச் செய்யும் அநியாயம். கேட்கும்போது தனியாக இருக்கிறாரா என்றும் பாருங்கள். வீட்டார் பக்கத்தில் நின்றால் எல்லாப் பதிலும் "நன்றாக இருக்கிறேன்" என்றுதான் வரும். கணவரை வேறொரு நாள் தனியாகச் சந்தியுங்கள், தந்தையரிலும் பத்தில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது, அதை யாரும் கேட்பதே இல்லை.

தலைப்பு முடிவு செய்வதற்கு முன்னால் பத்துத் தாய்மாரிடம் கேள்வித்தாள் இல்லாமல், உரிய அனுமதியோடு, சும்மா பேசிப் பாருங்கள். குழந்தை அவர் கையில் இருக்கும்போதே பேசுங்கள். நடுவில் குழந்தை அழுதால் பேச்சை நிறுத்திவிட்டு, அவர் என்ன செய்கிறார், குழந்தை என்ன செய்கிறது, அதற்கு அவர் மறுபடி என்ன செய்கிறார் என்று பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் அன்றைக்கே எழுதிவிடுங்கள், அவர் சொன்ன வார்த்தையிலேயே, "மனச்சோர்வு", "பதற்றம்" என்று நம் வார்த்தைக்கு மாற்றாமல்.